பென்குயின், எலி, காக்கை

திருமங்கலத்தில் அக்கா வீடு. மே மாதத்து மதியம். சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தேன். அடியிலிருந்து கிசுகிசுப்பாக ஒரு குரல்: “மாமா, காலை மேல தூக்கிக்கங்க. ஆபரேஷன் நடக்குது.”

குனிந்து பார்த்தேன். அக்கா மகனும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேரும் வரிசையாகக் குப்புறப் படுத்திருந்தார்கள். அடுப்படி அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் முறுக்குச் சம்படத்துக்குக் குறி. அக்கா மகன்தான் தலைவன். இரண்டாமவன் நோட்டில் வீட்டின் வரைபடம் போட்டு வைத்திருந்தான். மூன்றாமவன் கையில் ஒட்டடைக் கம்பு. நான்காவது ஆள் ஐந்து வயதுப் பொடியன். அவன் கையில் ஒன்றுமே இல்லை.

“இவன் எதுக்குடா?” என்றேன்.

“மாட்டிக்கிட்டா இவனை முன்னால தள்ளிருவோம் மாமா. இவன் மூஞ்சியைப் பாத்தா அம்மா அடிக்க மாட்டாங்க.”

தலைவன், திட்டக்காரன், கண்டதை உடைப்பவன், பார்த்தாலே கன்னத்தைக் கிள்ளத் தோன்றும் கடைக்குட்டி. கார்ட்டூன் பார்க்கும் வீடுகளுக்கு இந்த நால்வர் அணி புதிதல்ல. ஸ்கிப்பர், கோவால்ஸ்கி, ரிக்கோ, பிரைவேட் என்ற நான்கு பென்குயின்கள் கட்டிலுக்கு அடியில் புகுந்திருந்தன, அவ்வளவுதான்.

ஓரத்தில் நின்ற நான்கு பேர்

2005-இல் டிரீம்ஒர்க்ஸ் எடுத்த ‘மடகாஸ்கர்’ படத்தின் நாயகர்கள் சிங்கம், வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி, நீர்யானை. பென்குயின்கள் நியூயார்க் சென்ட்ரல் பார்க் விலங்கியல் பூங்காவிலிருந்து சுரங்கம் தோண்டித் தப்பிக்கப் பார்க்கும் ஓரத்து ஆட்கள். நாலு காட்சியில் தலைகாட்டியதோடு சரி. ஆனால் தியேட்டரை விட்டு வெளியே வந்தவர்கள் அவற்றைப் பற்றித்தான் பேசினார்கள். அதே ஆண்டில் ஒரு குறும்படம், பிறகு நிக்கலோடியன் சேனலில் தொடர், கடைசியாக 2014 நவம்பரில் தனித் திரைப்படமே வந்துவிட்டது: ‘பென்குயின்ஸ் ஆஃப் மடகாஸ்கர்’. எரிக் டார்னெலும் சைமன் ஜே. ஸ்மித்தும் இயக்கினார்கள். பெங்களூருவில் இயங்கிய டிரீம்ஒர்க்ஸ் பிரிவின் கலைஞர்களுக்கும் இதில் கணிசமான பங்கு உண்டு.

படத்தின் தொடக்கக் காட்சி ஒன்று போதும், இந்த நால்வரின் குணம் தெரிய. அண்டார்டிகாவில் ஆயிரக்கணக்கான பென்குயின்கள் எங்கே போகிறோம் என்று கேட்காமல் வரிசையில் நடக்கின்றன. பக்கத்தில் ஆவணப்படக் குழு ஒன்று அதை உருக்கமான வர்ணனையோடு படம் பிடிக்கிறது. வர்ணனைக் குரல், நிஜத்திலேயே ஆவணப்படங்கள் எடுக்கும் வெர்னர் ஹெர்சாக்கினுடையது. ஒரு முட்டை உருண்டு ஓடுகிறது. இயற்கை அப்படித்தான் என்று பெரிய பென்குயின்கள் பேசாமல் நிற்கின்றன. மூன்று குஞ்சுகள் மட்டும் பின்னால் ஓடி, பனிப் பாறை விளிம்பில் தயங்குகின்றன. வர்ணனையாளரோ, காட்சி நன்றாக அமைய வேண்டுமென்று அவற்றைப் பின்னாலிருந்து தள்ளிவிடச் சொல்கிறார். அந்த முட்டையிலிருந்து பொரித்து வருவதுதான் பிரைவேட்.

பிறகு வழக்கமான உளவுப் படச் சமாச்சாரம். ஓநாய், கடல்நாய், பனிஆந்தை, பனிக்கரடி சேர்ந்த ‘நார்த் விண்ட்’ என்ற ரகசியப் படை வருகிறது. விமானமும் கருவிகளும் கொட்டிக் கிடக்கும் படை அது. ஓநாய்க்குக் குரல் பெனடிக்ட் கம்பர்பேட்ச். வில்லன் டேவ் என்ற ஆக்டோபஸுக்கு ஜான் மால்கோவிச்.

டேவுக்கு என்ன கோபம் தெரியுமா? ஒரு காலத்தில் அவன்தான் பூங்காவின் நட்சத்திரம். பென்குயின்கள் வந்ததும் கூட்டம் அந்தப் பக்கம் திரும்பியது. உலகத்தை ஆளும் ஆசையெல்லாம் அவனுக்கு இல்லை. எல்லாப் பென்குயின்களையும் அவலட்சணமாக்கிவிட வேண்டும், அவ்வளவுதான். ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தவர்களின் படத்துக்கு, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளப்பட்டவனே வில்லன். எழுதியவர்கள் விவரமானவர்கள்.

கணக்கு உதைத்த இடம்

படத்துக்குச் செலவு சுமார் 13 கோடி டாலர். உலகம் முழுவதும் வசூல் சுமார் 37 கோடி டாலர். கேட்கப் பிரமாதமாக இருக்கிறது. ஆனால் தியேட்டர் பங்கும் விளம்பரச் செலவும் போனால் மிஞ்சியது போதவில்லை. இதற்கும் அதே ஆண்டில் வந்த இன்னொரு படத்துக்கும் சேர்த்து ஐந்தரைக் கோடி டாலருக்கு மேல் நஷ்டக் கணக்கு எழுதினார்கள். மடகாஸ்கர் படங்கள் உருவான கலிபோர்னியாவின் பி.டி.ஐ. ஸ்டுடியோவை 2015 ஜனவரியில் மூடினார்கள்.

பத்து நிமிடம் விழுந்து விழுந்து சிரிக்க வைத்தவர்கள், ஒன்றரை மணி நேரத்தில் ஏன் அலுத்தார்கள்? அமெரிக்கா வரை போக வேண்டாம். பதில் மதுரையிலேயே இருக்கிறது.

எலிச்சாமி என்ற ஒற்றர்

மதுரைக்காரர் வடிவேலு. 2003-இல் வந்த ‘வின்னர்’ படத்துக்கு நாயகன் பிரசாந்த். இன்று ஊரில் யாரைக் கேட்டாலும் நினைவிருப்பது கைப்புள்ளயும் வருத்தப்படாத வாலிபர் சங்கமும்தான். துணைப் பாத்திரம் படத்தையே தூக்கிக்கொண்டு போன கதை.

மூன்று வருடம் கழித்து அவரையே நாயகனாக்கி ‘இம்சை அரசன் 23-ஆம் புலிகேசி’ வந்தது. விகடனில் கார்ட்டூன் போட்டுக்கொண்டிருந்த சிம்புதேவன் இயக்கினார், ஷங்கர் தயாரித்தார். கோடம்பாக்கமே திரும்பிப் பார்த்த வெற்றி. அங்கே ஒரு சூட்சுமம் உண்டு. வடிவேலுவை இரட்டையராக்கிவிட்டார்கள். கதையைச் சுமக்கும் வீரத்தை ஒருவன் எடுத்துக்கொண்டான். அதனால் புலிகேசி கடைசிவரை கோமாளியாகவே இருக்க முடிந்தது. நாயகன் நாற்காலியில் உட்கார்ந்தும் அவர் ஓரத்து ஆளாகவே இருந்தார்.

2015-இல் அவரே நாயகனாக ‘எலி’ வந்தது. அறுபதுகளில் நடக்கும் கதை. எலிச்சாமி என்ற சில்லறைத் திருடனைப் போலீஸ் கடத்தல் கும்பலுக்குள் ஒற்றனாக அனுப்புகிறது. பேரிலேயே பிராணி, தொழிலோ உளவு, ஆளோ தமிழ்நாட்டின் முதல்தர நகைச்சுவை நடிகர். பென்குயின்கள் தியேட்டருக்கு வந்து ஏழே மாதம்தான் ஆகியிருந்தது. படம் ஓடவில்லை.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்று புரிகிறது. ஒற்றனுக்கும் துணைப் பாத்திரத்துக்கும் பிழைப்பு ஒன்றுதான்: யாரும் கவனிக்காத இடத்தில் நிற்பது. எல்லாரும் சிங்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பென்குயின் கப்பலையே கடத்தினால் சிரிப்பு வரும். முதல் காட்சியிலிருந்தே நாம் பென்குயினை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், அது கப்பலைக் கடத்தும் என்று முன்கூட்டியே தெரிந்துபோகும். மறைவு போனால் ஒற்றனுக்கு வேலை இல்லை, கோமாளிக்குச் சிரிப்பும் இல்லை. வள்ளுவர் ஒற்றாடல் அதிகாரத்தில் ஒற்றனுக்குச் சொல்லும் தகுதிகளில் ஒன்று, பார்ப்பவர் ஐயப்படாத தோற்றம். அது நகைச்சுவை நடிகருக்கும் பொருந்துகிற விதி.

கிளைக்கதை நமக்குப் புதிதா?

ஓரத்து ஆளுக்குத் தனிக்கதை கட்டுவதை ஹாலிவுட் கண்டுபிடிக்கவில்லை. பாரதத்தில் ஒரு கிளைக்கதையாக வரும் நளன், புகழேந்தியின் கையில் ‘நளவெண்பா’வாகத் தனி நூலானான். இன்னும் பக்கத்தில் வேண்டுமென்றால் அல்லி. வியாசர் அறியாத இந்த அரசிக்கு நம் நாட்டார் கதைப்பாடல் கொடுத்த ராஜ்யம் மதுரை. அவளுடைய காவல் மிகுந்த அரண்மனைக்குள் அர்ஜுனன் நுழைவது பாம்பு உருவில். மாறுவேடமும் பிராணியும் கலந்த களவு. இன்றைய கண்ணுக்கு அவன் செய்த காரியம் ஒப்பாது. ஆனால் கதைக்காரர்களின் துணிச்சலைப் பாருங்கள். பாரதத்திலிருந்து நாயகனை மட்டும் கடன் வாங்கிக்கொண்டு, கதையை மதுரைக்குத் தூக்கிவந்துவிட்டார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த நாடக மேடைகளில் அல்லியும் பவளக்கொடியும் விடிய விடிய ஆடினார்கள்.

அனிமேஷனும் அப்படித்தான். தோல்பாவைக் கூத்தை நினைத்துப் பாருங்கள். வெள்ளைத் துணி, பின்னால் விளக்கு, ஆட்டுத்தோலில் வெட்டி வண்ணம் தீட்டிய பாவைகள். ஒரே மனிதர் ராமனாக, ராவணனாக, வாலாட்டும் அனுமனாகக் குரல் மாற்றிப் பேசுவார். ராமாயணம் நடந்துகொண்டிருக்கும்போதே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் நடுவில் புகுந்து ஊர் வம்பு பேசுவார்கள். பிள்ளைகள் காத்திருந்தது அந்த இருவருக்காக. ஆனால் எந்தக் கூத்துக்காரரும் ராமனை இறக்கிவிட்டு உளுவத்தலையனுக்கு முழு ராத்திரியையும் கொடுத்துவிடவில்லை. எவ்வளவு கொடுத்தால் திகட்டாது என்று அவருக்குத் தெரியும். துணிக்குப் பின்னாலிருந்தாலும் கூட்டத்தின் சிரிப்பு அவர் காதில் விழுந்துகொண்டே இருக்கும் அல்லவா?

அச்சிலும் ஓர் உதாரணம் உண்டு. திருமங்கலத்திலிருந்து பஸ் ஏறி விருதுநகர் தாண்டினால் சிவகாசி. 1972-இல் இரும்புக்கை மாயாவியோடு முத்து காமிக்ஸும், 1984-இல் மாடஸ்டியோடு லயன் காமிக்ஸும் புறப்பட்ட ஊர். அங்கிருந்துதான் லக்கி லூக்கும் தமிழ் பேசிக்கொண்டு நம் வீடுகளுக்கு வந்தார். அந்தக் கதைகளில் வரும் ரின்டின்கேன், மோப்பசக்தியே இல்லாத சிறைக்காவல் நாய். 1960-இல் ஓரமாக நுழைந்த அந்த நாய்க்கு 1987-இல் பிரெஞ்சில் தனித் தொடரே தொடங்கிவிட்டார்கள்.

நிஜ ஒற்றர்கள்

நிஜ வாழ்க்கை கார்ட்டூனை மிஞ்சும். அறுபதுகளில் அமெரிக்க உளவுத்துறை ஒரு பூனையின் உடலுக்குள் ஒலிவாங்கியும் கடத்தியும் வைத்துத் தைத்து, ஒட்டுக்கேட்க அனுப்பப் பார்த்தது. கடைசியில் இது நடைமுறைக்கு உதவாது என்று குறிப்பெழுதிக் கோப்பை மூடினார்கள். பூனை வளர்க்கும் எந்த ஆத்தாளைக் கேட்டிருந்தாலும் செலவில்லாமல் சொல்லியிருப்பாள்.

நம் நாட்டில் சிக்குவது புறா. 2015 மே மாதம் பதான்கோட் அருகே ஒரு புறாவைப் பாகிஸ்தான் ஒற்றன் என்று பிடித்து எக்ஸ்ரே வரை எடுத்தார்கள். மும்பையில் சீன ஒற்றன் என்ற சந்தேகத்தில் பிடிபட்ட ஒரு புறா, எட்டு மாதக் காவலுக்குப் பிறகு 2024 ஜனவரி இறுதியில்தான் விடுதலையானது. கடைசியில் பார்த்தால் அது தைவான் பந்தயப் புறா. இன்னொரு பக்கம், ஒடிசா காவல்துறையில் 1946-இல் தொடங்கி அரை நூற்றாண்டுக்கு மேல் புறாக்கள் உத்தியோகபூர்வமாகவே கடிதம் சுமந்தன. ஒரே பறவைதான். ஒரு மாநிலத்தில் போலீஸ், இன்னொரு மாநிலத்தில் கைதி.

காக்கை காத்திருக்கிறது

ஆனால் உளவு பார்த்த பிராணிகளில் என் ஓட்டு ஒரு கிழட்டுக் காக்கைக்கு. 1826-இல் தாண்டவராய முதலியார் தமிழில் தந்த பஞ்சதந்திரக் கதையின் மூன்றாம் பகுதி, சந்திவிக்கிரகம். காக்கைகளுக்கும் ஆந்தைகளுக்கும் தீராப் பகை. இரவில் கண் தெரியாத காக்கைகளை ஆந்தைகள் கொன்று குவிக்கின்றன. காக்கை அரசன் மேகவர்ணனிடம் கிழ மந்திரி சிரஞ்சீவி ஒரு யோசனை சொல்கிறார்: “என் இறகைப் பிய்த்து, அடித்துக் கீழே போட்டுவிட்டு எல்லாரும் போய்விடுங்கள்.” குற்றுயிராகக் கிடக்கும் கிழத்தை ஆந்தை அரசன் இரக்கப்பட்டுத் தன் குகைக்குக் கொண்டுபோகிறான். வேண்டாம் என்று தடுத்த ஒரே மந்திரியின் பேச்சு எடுபடவில்லை. கூடு கட்டுகிறேன் என்று தினமும் ஒவ்வொரு சுள்ளியாக வாசலில் அடுக்கிய காக்கை, ஆந்தைக்குக் கண் தெரியாத ஒரு பட்டப்பகலில் தன் கூட்டத்தைக் கொள்ளியோடு வரவழைக்கிறது. வள்ளுவர் காலமறிதல் அதிகாரத்தைத் தொடங்குவதும் இந்தக் காக்கை–கூகைப் பகையை வைத்துத்தான்.

பென்குயின்களுக்குக் கிடைக்காத வசதி சிரஞ்சீவிக்கு இருக்கிறது. கதையின் நடுவில் நின்றும் அவரை யாரும் பொருட்படுத்துவதில்லை. இறகில்லாத பரிதாபமே அவருடைய மறைவு. பொடியனை முன்னால் தள்ளிவிடத் திட்டம் போட்ட நம் கட்டிலடிப் படைக்கும் இந்த ரகசியம் தெரிந்திருந்தது.

இவரைத் திரையில் உலவவிட அனிமேஷன் தமிழுக்குப் புதிதல்ல. ‘இனிமே நாங்கதான்’ என்ற முப்பரிமாண அனிமேஷன் படம் 2007-லேயே தமிழில் வந்தது, இசை இளையராஜா. ‘கோச்சடையான்’ 2014-இல் வந்தது. வரையத் தெரிந்த கைகள் பெங்களூருவிலும் சென்னையிலும் இருக்கின்றன. இரண்டு நூற்றாண்டுகளாகத் தமிழில் கிடக்கும் சிரஞ்சீவியை, எனக்குத் தெரிந்து, இன்னும் யாரும் பெரிய திரைக்குக் கூப்பிடவில்லை.

அதுவரை காத்திருக்க வேண்டாம். இந்த லீவில் ஒரு ராத்திரி கரண்ட் போனால், கொடியில் ஒரு வேட்டியைக் கட்டுங்கள். பழைய காலண்டர் அட்டையில் ஒரு காக்கை, ஒரு ஆந்தை வெட்டிக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு டார்ச் லைட் போதும். கதையைச் சொல்லிக்கொண்டே பிள்ளைகள் எந்த இடத்தில் சிரிக்கிறார்கள் என்று மட்டும் காதைத் தீட்டிக் கேளுங்கள். அந்த இடம் முடிந்ததும் அடுத்த காட்சிக்குப் போய்விடுங்கள்.