சுதந்திரத்துக்கு விலை பதினைந்து கோடி

ராஜ்யங்களுக்குள் கொடுக்கல் வாங்கல் நடக்கும்போது சில்லறையை யாரும் கவனிப்பதில்லை. ஒரு கோடியா, ஒன்றரைக் கோடியா என்பதுதான் அங்கே தகராறு. காசு கணக்குப் பார்ப்பது நம்மைப் போன்ற சம்சாரிகளின் தலையெழுத்து. ஆனால் 2003-ம் வருஷம் ஏப்ரல் 7-ந் தேதி ஒரு சின்னஞ்சிறு தேசம் ஒரு பெரிய தேசத்தின்மேல் கொண்டுவந்த பாத்தியதையில் சில்லறையைக்கூட விடவில்லை. மொத்தத் தொகை 2,168 கோடியே 51 லட்சத்து 35 ஆயிரத்து 571 டாலர், 48 சென்ட்!

கேட்டது ஹைத்தி, கொடுக்க வேண்டியது பிரான்ஸ். அந்த 48 சென்டைக் கண்டு சிரித்தவர்கள் உண்டு. "இது என்ன விளையாட்டு?" என்று கேட்டவர்களும் உண்டு. நேயர்களே, இந்தக் கணக்கு எங்கே ஆரம்பித்தது என்று தெரிந்தால் சிரிப்பு அவ்வளவு சுலபமாக வராது.

மேற்கிந்தியத் தீவுகளில் ஹிஸ்பானியோலா என்று ஒரு தீவு. அதன் மேற்கு மூன்றில் ஒரு பங்கை 1697-ம் வருஷத்து உடன்படிக்கையினால் ஸ்பெயினிடமிருந்து பிரான்ஸ் பெற்றது. ஸான் டொமிங் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அடுத்த நூறு வருஷத்தில் அந்தத் துண்டு நிலம் உலகத்திலேயே அதிகச் செல்வம் கொழிக்கும் காலனி ஆயிற்று. ஐரோப்பாவில் அந்நாளில் பருகப்பட்ட காப்பியில் ஏறக்குறையப் பாதி அங்கே விளைந்தது. சர்க்கரையும் அப்படியே மலை மலையாகக் கப்பலேறியது. பாரிஸ் நகரத்துச் சீமாட்டிகள் காப்பிக் கிண்ணத்தை உதட்டருகில் கொண்டு போனபோது அதில் கரைந்திருந்தது என்ன என்பதை நினைத்துப் பார்த்திருப்பார்களா? ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட ஐந்து லட்சம் அடிமைகள் கரும்புத் தோட்டங்களில் மடிந்து கொண்டிருந்தார்கள். மடிந்தார்கள் என்பது அலங்கார வார்த்தை அல்ல. பிறப்பைவிட இறப்பு அதிகமானபடியால் வருஷந்தோறும் புதிய அடிமைகளை இறக்குமதி செய்துதான் தோட்டங்களை நடத்த வேண்டியிருந்தது.

1791-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் ஓர் இரவு அந்தத் தோட்டங்கள் தீப்பற்றி எரிந்தன. அடிமைகள் எழுந்துவிட்டார்கள். பாரிஸில் அப்போது மனித உரிமைகளைப் பற்றிப் பிரமாதமான பிரசங்கங்கள் நடந்து கொண்டிருந்தன. அந்த உரிமைகள் கறுப்பு மனிதருக்கும் உண்டா என்ற கேள்வி மட்டும் கொஞ்சம் தர்மசங்கடமாயிருந்தது. 1794-ல் பிரெஞ்சுக் குடியரசு அடிமை முறையை ஒழித்தது; 1802-ல் நெப்போலியன் அதை மீண்டும் நிலைநாட்டினான். தன் மைத்துனன் லெக்ளெர்க்கின் தலைமையில் பெரிய படை ஒன்றையும் அனுப்பி வைத்தான்.

எதிரே நின்றவர் டூஸான் லூவெர்ச்சூர். அடிமையாகப் பிறந்து, வண்டியோட்டி, விடுதலை பெற்று, பிறகு தளகர்த்தரானவர். அவரைப் பேச்சு வார்த்தைக்கு என்று அழைத்துச் சிறைப்பிடித்துக் கப்பலேற்றினார்கள். பிரான்ஸின் கிழக்கு எல்லையில் ஜூரா மலையிலுள்ள ஒரு கோட்டையில், உஷ்ண தேசத்திலேயே வாழ்ந்து பழகிய அந்த மனிதர் குளிரில் வாடி உயிர் விட்டார். அது 1803-ம் வருஷம் ஏப்ரல் 7-ந் தேதி. ஹைத்தியின் ஜனாதிபதி அரிஸ்டீட் தம் கணக்கை வெளியிட எந்த நாளைத் தேர்ந்தெடுத்தார் என்பதை நேயர்கள் இப்போது கவனிக்கலாம்.

டூஸான் போனாலும் யுத்தம் போகவில்லை. லெக்ளெர்க்கும் அவனுடைய படையில் பெரும் பகுதியும் மஞ்சள் ஜுரத்துக்கு இரையானார்கள். மிஞ்சியவர்களை டெஸ்ஸாலின் என்ற தளபதி தோற்கடித்தார். 1804-ம் வருஷம் ஜனவரி முதல் தேதி, உலகத்தின் முதல் கறுப்பர் குடியரசு பிறந்தது. பிரெஞ்சுப் பெயரை எறிந்துவிட்டுத் தீவின் ஆதிக்குடிகள் வழங்கி வந்த 'ஹைத்தி' என்ற பழைய பெயரைச் சூட்டினார்கள். மலைநாடு என்று அதற்குப் பொருள். (விடுதலைக்குப் பின் அவ்வருஷமே டெஸ்ஸாலின் உத்தரவினால் அங்கே எஞ்சியிருந்த பிரெஞ்சுக்காரர்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வீரம் நிறைந்த சரித்திரத்திலும் இப்படிச் சில பக்கங்கள் இருக்கத்தான் இருக்கின்றன.)

ஆனால் உலகம் இந்தப் புதிய குழந்தையைத் தொட்டிலில் இட்டுத் தாலாட்டவில்லை. அடிமைகளை வைத்திருந்த அமெரிக்க ஐக்கிய நாடு 1862 வரையில் ஹைத்தியை அங்கீகரிக்கவே இல்லை. தென் அமெரிக்காவின் விடுதலை வீரர் பொலிவார் தோற்று ஓடி வந்தபோது, 1816-ல் ஆயுதமும் கப்பலும் கொடுத்து உதவியது ஹைத்தி. அதற்குப் பிரதியாகக் கேட்டது, "நீர் விடுவிக்கும் நாடுகளில் அடிமைகளையும் விடுவிக்க வேண்டும்" என்பது ஒன்றுதான். பத்து வருஷம் கழித்துப் பனாமாவில் புதிய குடியரசுகள் மகாநாடு கூடியபோது ஹைத்திக்கு அழைப்பு இல்லை!

இந்த நிலைமையில் 1825-ம் வருஷம் ஜூலை மாதம் ஹைத்தியின் தலைநகரான போர்ட்-ஓ-பிரின்ஸ் துறைமுகத்தில் பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லஸின் தூதர் மக்கோ பிரபு வந்து இறங்கினார். கையில் ஒரு தஸ்தாவேஜு. அவருக்குப் பின்னால் கடலில் 14 யுத்தக் கப்பல்கள், சுமார் 500 பீரங்கிகள். தஸ்தாவேஜில் ஏப்ரல் 17-ந் தேதியிட்டு மன்னர் கையெழுத்திட்டிருந்தார். அதன் சாராம்சம் இது: பிரான்ஸ் ஹைத்திக்குச் சுதந்திரத்தை "அளிக்கிறது". இருபத்தோரு வருஷத்துக்கு முன்பே யுத்தத்தில் ஜெயித்து வாங்கிய சுதந்திரத்தைத்தான்! அதற்குப் பதிலாக, சொத்தை இழந்த பழைய தோட்ட முதலாளிகளுக்கு 15 கோடி பிராங்கு நஷ்ட ஈடு, ஐந்து வருஷத் தவணையில் கட்ட வேண்டும். அதோடு பிரெஞ்சுக் கப்பல்களுக்குத் துறைமுகச் சுங்கம் பாதிதான்.

இழந்த சொத்து என்ன? நிலம், ஆலை, வீடு மட்டுமல்ல. அடிமைகளும் அந்த மதிப்பில் அடக்கம். அதாவது, சவுக்கடி பட்ட மனிதன், தன் உடம்பின் விலையைத் தன்னை அடித்தவனுக்குத் தானே கொடுக்க வேண்டும். அவன் இறந்திருந்தால் அவன் பிள்ளை கொடுக்க வேண்டும்.

15 கோடி பிராங்கு எவ்வளவு பெரிய தொகை என்று விளங்க ஒரு கணக்குச் சொல்கிறோம். 1803-ல் நெப்போலியன் லூயிஸியானாப் பிரதேசத்தை அமெரிக்கருக்கு விற்றான். சுமார் எட்டு லட்சம் சதுர மைல். விலை எல்லாம் சேர்த்து 8 கோடி பிராங்கு. ஹைத்தியின் பரப்போ 10,700 சதுர மைல்தான். எழுபது மடங்குக்கு மேல் பெரிய பூமிக்குக் கொடுத்ததைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு! அதுவும் தங்கள் கையிலேயே இருந்த நிலத்துக்கு!

ஜனாதிபதி போயே ஒப்புக்கொண்டார். பீரங்கிகளைப் பார்த்துக்கொண்டு எப்படி மறுப்பது? ஆனால் முதல் தவணையான 3 கோடி, ஹைத்தி ஸர்க்காரின் ஒரு வருஷ வருமானத்தைப் போல் சுமார் ஆறு மடங்கு என்பது அந்நாட்டுச் சரித்திராசிரியர் ஆர்துவீன் குறித்து வைத்த வரவுக் கணக்கிலிருந்து தெரிகிறது. பணம் எங்கிருந்து வரும்? அதற்கும் பாரிஸிலேயே வழி இருந்தது. பாரிஸ் பாங்கிக்காரர்கள் 3 கோடி கடன் கொடுத்தார்கள். கொடுத்தார்கள் என்றால், பத்திரத்தில் 3 கோடி. கையில் வந்தது 2 கோடியே 40 லட்சம். மீதி 60 லட்சம் தரகுக்கும் கழிவுக்கும் சரியாய்ப் போயிற்று. நம் ஊர்களில் முன்வட்டி பிடித்துக்கொண்டு பணம் எண்ணி வைக்கும் லேவாதேவிக்காரரை நேயர்கள் பார்த்திருப்பார்கள். வித்தியாசம் என்னவென்றால், அவர் பீரங்கி கொண்டு வருவதில்லை. முதல் தவணை 3 கோடி நிறையவேண்டுமே! கஜானாவைத் துடைத்து, இருந்த ரொக்கத்தையும் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள்.

ஆக, நஷ்ட ஈடு ஒன்று, அதைக் கட்டுவதற்கு வாங்கிய கடன் ஒன்று. இதைத்தான் 'இரட்டைக் கடன்' என்கிறார்கள் ஹைத்தியர். முதல் வருஷத்தோடு ஸர்க்கார் மூச்சுத் திணறி நின்றுவிட்டது. வரி வசூலிப்பதற்காக 1826-ல் ஒரு கிராமச் சட்டம் போட்டுக் குடியானவனை நிலத்தோடு கட்டிப் போட்டார் போயே. அடிமைத் தளையை அறுத்தவனுக்கு அந்தக் கடனே வேறு தளையாயிற்று. 1838-ல் பிரான்ஸ் கொஞ்சம் இரங்கி, பாக்கியை 6 கோடியாகக் குறைத்து முப்பது வருஷத் தவணை கொடுத்தது. செலுத்தியதையும் சேர்த்துப் பார்த்தால் நஷ்ட ஈடு மொத்தம் 9 கோடி.

எதை விற்றுக் கட்டினார்கள்? காப்பியை விற்றுத்தான். மலைச் சரிவில் ஒரு குடியானவன் பறித்த காப்பிக் கொட்டை துறைமுகத்துக்கு வந்தவுடன் அதன் மேல் வரி. அந்த வரி பாரிஸுக்கு. பள்ளிக்கூடம், ரஸ்தா, ஆஸ்பத்திரி எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்! ஒரு கடனை அடைக்க மற்றொரு கடன் என்று 1874, 1875, 1896 என்று வரிசையாகப் பத்திரங்கள் எழுதப்பட்டன. 1880-ல் ஹைத்திக்கு ஒரு 'தேசிய பாங்கி' ஏற்பட்டது. பெயர்தான் தேசியம். நிர்வாகம் பாரிஸில், ஸர்க்கார் பணம் போட்டாலும் எடுத்தாலும் அதற்குத் தரகு உண்டு. அதை ஏற்படுத்திய பிரெஞ்சு பாங்கியே பிற்பாடு ஈபில் கோபுரம் கட்டுவதற்குப் பண உதவி செய்த பாங்கிகளில் ஒன்று. 1911-ல் ஹைத்தியின் காப்பி வரியில் வசூலான ஒவ்வொரு மூன்று டாலரிலும் 2 டாலர் 53 சென்ட் பிரெஞ்சு முதலாளிகளின் கடனுக்குப் போயிற்று.

ஹைத்தியின் ஆட்சியாளர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று நாம் சொல்லவில்லை. கடன் பணத்தில் கை வைத்தவர்கள் அங்கேயும் இருந்தார்கள். 1957 முதல் 1986 வரை ஆண்ட டுவாலியே தகப்பனும் மகனும் செய்த கொள்ளையும் கொலையும் பிரசித்தம். ஆனால் வீட்டுக்காரன் ஊதாரி என்பதனால் வாசலில் நின்று பறித்தவன் நியாயஸ்தன் ஆகிவிடுவானா?

பிறகு மேடைக்கு அமெரிக்கா வந்தது. 1914 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படை வீரர்கள் போர்ட்-ஓ-பிரின்ஸில் பாங்கிக்குள் நுழைந்து 5 லட்சம் டாலர் தங்கத்தை எடுத்து யுத்தக் கப்பலில் ஏற்றி நியூயார்க் கொண்டு போனார்கள். மறு வருஷம் ஜூலையில் ஹைத்தியின் ஜனாதிபதியைக் கூட்டம் அடித்துக் கொன்றது. அதைச் சாக்கிட்டுப் படை இறங்கியது. 1934 வரையில் பத்தொன்பது வருஷம் அங்கிருந்தது. சுங்கச் சாவடிகள் அமெரிக்கர் கையில். ரஸ்தா போடக் கட்டாய உழைப்பு. எதிர்த்துப் போராடிய ஷார்லமான் பெரால்ட் 1919-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். படையை அனுப்பிய ஜனாதிபதி யார் தெரியுமா? தேசங்களின் சுய நிர்ணய உரிமைக்காக உலகமெங்கும் புகழப்பட்ட வில்ஸன்! 1922-ல் பழைய பிரெஞ்சுக் கடன்களை அடைப்பதற்கு அமெரிக்கக் கடன் எழுதப்பட்டது. அது தீர்ந்து கணக்கு மூடியது 1947-ல். நம் நாடு சுதந்திரம் பெற்ற அதே வருஷம்!

நமக்கும் இந்த மாதிரிக் கணக்கு புதிது அல்லவே. 1857-ம் வருஷத்துப் புரட்சியை அடக்கிய செலவு இந்தியாவின் கடனில் ஏற்றப்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்குதாரர்களுக்கு லாபப் பங்கு கூட இந்திய வரிப் பணத்திலிருந்து கொடுக்கப்பட்டது. பிரிட்டன் தன் காலனிகளில் 1833-ம் வருஷச் சட்டத்தினால் அடிமை முறையை ஒழித்தபோதும் 2 கோடி பவுன் நஷ்ட ஈடு கொடுத்தது. அடிமைகளுக்கா? இல்லை, அடிமைகளின் எஜமானர்களுக்கு! அதற்காக வாங்கிய கடன் முழுவதும் தீர்ந்தது 2015-ம் வருஷத்தில். அது வரையில் வரி கட்டியவர்களில் அந்த அடிமைகளின் சந்ததியாரும் உண்டு.

அரிஸ்டீடின் கதைக்குத் திரும்புவோம். கணக்கை வெளியிட்ட பதினோரு மாதத்துக்குள், 2004 பிப்ரவரி 29-ந் தேதி, கலகக்காரர்கள் தலைநகரை நெருங்கிக் கொண்டிருந்த சமயத்தில், அமெரிக்க விமானம் ஒன்றில் அவர் நாட்டை விட்டு வெளியேறினார். ராஜினாமா என்றார்கள் அமெரிக்கரும் பிரெஞ்சுக்காரரும். கடத்தல் என்றார் அவர். அடுத்து வந்த ஸர்க்கார் அந்தக் கோரிக்கையைக் கைவிட்டது. அப்போது பிரெஞ்சுத் தூதராக இருந்தவரே, அவர் விலக்கப்பட்டதில் நஷ்ட ஈட்டுக் கோரிக்கைக்கும் கொஞ்சம் சம்பந்தம் இருக்கலாம் என்று பிற்காலத்தில் ஒப்புக் கொண்டிருக்கிறார்.

2015-ல் பிரெஞ்சு ஜனாதிபதி ஹொலாந்து, ஹைத்திக்குத் தாம் பட்டிருக்கும் கடனைத் தீர்க்கப் போவதாகப் பேசினார். கேட்டவர்கள் கை தட்டினார்கள். சிறிது நேரத்துக்கெல்லாம் அவருடைய காரியாலயத்தார் விளக்கம் கொடுத்தார்கள்: அவர் சொன்னது தார்மிகக் கடனைத்தான், பணக் கடன் அல்ல!

2022-ல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை பழைய தஸ்தாவேஜுகளைக் கிளறி ஒரு கணக்குப் போட்டது. ஹைத்தியர் செலுத்திய தொகை இந்நாளைய மதிப்பில் 56 கோடி டாலர். அந்தப் பணம் நாட்டிலேயே தங்கிப் பெருகியிருந்தால் ஹைத்திக்குக் கிடைத்திருக்கும் செல்வம், குறைந்த பட்சம் 2,100 கோடி டாலர். அதிக பட்சம் 11,500 கோடி. அரிஸ்டீட் கேட்டது 2,168 கோடி!

2010 ஜனவரியில் பூகம்பம் வந்து போர்ட்-ஓ-பிரின்ஸைத் தரைமட்டமாக்கியது. லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் மாண்டார்கள். 2021-ல் ஜனாதிபதி மொயீஸ் தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். பிறகு தலைநகரின் பெரும்பகுதி ஆயுதக் கும்பல்களின் கைக்குப் போயிற்று. பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டு, குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளுடன் தெருத் தெருவாக ஓடின.

2025-ம் வருஷம் ஏப்ரல் 17-ந் தேதி, பத்தாம் சார்லஸ் கையெழுத்திட்டு இருநூறு வருஷம் நிறைந்த அன்று, பிரெஞ்சு ஜனாதிபதி மாக்ரோன் ஓர் அறிக்கை விட்டார். ஒரு புதிய தேசத்தின் சுதந்திரத்துக்கு அன்று விலை வைக்கப்பட்டது என்பதை ஒப்புக்கொண்டார். இரு நாட்டுச் சரித்திராசிரியர்களும் சேர்ந்து விசாரிக்க ஒரு கமிஷன் நியமிக்கப்படும் என்றார். பணத்தைத் திருப்பிக் கொடுப்பது பற்றி அந்த அறிக்கையில் வாக்குறுதி எதுவும் இல்லை. அந்த 48 சென்ட்டைப் பற்றிக்கூட.