மடியில் கனம்... ஓட்டத்தில் சிரமம்!

விடிகாலை ஐந்தரை மணிக்கு சேலம் காந்தி ஸ்டேடியம் பக்கமோ, நாமக்கல்லில் மோகனூர் ரோட்டிலோ ஒரு நடை போய்ப் பாருங்கள். நடப்பவர்களும் ஓடுபவர்களும் கை கால்களை எப்படி வீசுகிறார்கள் என்பதை விட்டுவிடுங்கள். இடுப்பைக் கவனியுங்கள்! ஒருவர் பேண்ட் பாக்கெட்டில் செல்போன் தொப் தொப் என்று தொடையில் அடிக்க ஓடுவார். இன்னொரு அம்மா வீட்டுச் சாவிக்கொத்தை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்திருப்பார். மற்றொருவர் கழுத்துச் சங்கிலியை ஒரு கையால் பொத்திக்கொண்டே வேகவேகமாக நடப்பார். பெரியவர் ஒருவர் பச்சை பெல்ட்டில் பணம், மூக்குக் கண்ணாடி, மாத்திரை எல்லாவற்றையும் திணித்து, அதை அரை அடிக்கு ஒரு தரம் மேலே இழுத்து விட்டுக்கொள்வார்.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்று நம் பாட்டிமார் சொன்னது திருடனை நினைத்து. ஆனால் மடியில் கனமிருந்தால் இடுப்புக்கும் முதுகுக்கும் தோலுக்கும்கூடக் கேடுதான். அந்தக் கதையைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. மெதுவாக ஓடுகிறவர் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 160 அடி வைக்கிறார். அரை மணி நேரம் ஓடினால் 4,800 அடி. ஒவ்வொரு அடியிலும் கால் தரையில் மோதும்போது உடல் எடையைப் போல் இரண்டு, மூன்று மடங்கு விசை கால் வழியாக ஏறுகிறது. உடம்போடு ஒட்டியிருக்கிற சாமான் உடம்போடு சேர்ந்து ஏறி இறங்கும், பெரிதாகத் தெரியாது. தொங்குகிற சாமான் அப்படியில்லை. நீங்கள் மேலே போகும்போது அது கீழே வரும், நீங்கள் கீழே வரும்போது அது மேலே எகிறும். ஆக, ஒவ்வொரு அடிக்கும் ஒரு தட்டு! அரைக்கிலோ கல்லைத் துணியில் முடிந்து உங்கள் இடுப்பெலும்பில் 4,800 தடவை தட்டினால் பொறுத்துக்கொள்வீர்களா?

அரைக்கிலோ என்று சும்மா சொல்லவில்லை. இன்றைய செல்போன் ஒன்று 200 கிராம் வரும். சாவிக்கொத்து, பர்ஸ், அதோடு அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் சேர்ந்தால் முக்கால் கிலோவைத் தாண்டிவிடும்.

"காலம் கெட்டுக் கிடக்குதுங்க, ஒரு துப்பாக்கியை இடுப்பில் வச்சுக்கிட்டுப் போனா என்ன?" என்று கேட்கிறவர்களும் உண்டு. சிரிக்காதீர்கள். 2014-ல் கான்பூரில் உள்ள அரசு ஆயுதத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற ரிவால்வரைக் கொண்டுவந்தது. பெண்களுக்கென்றே செய்தது என்று சொல்லித்தான் விற்றார்கள். டைட்டானியம் கலந்த உலோகம், எடை 500 கிராம், கைப்பையில் அடங்கும், விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். லேசான துப்பாக்கி என்று பெயர் வாங்கியதற்கே அரைக்கிலோ! சாதாரணக் கைத்துப்பாக்கியில் குண்டும் நிரப்பினால் ஒரு கிலோவை நெருங்கும்.

சட்டப்படி பார்த்தால், 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின்கீழ் லைசென்ஸ் இல்லாமல் அதைத் தொடவே முடியாது. மீறினால் ஜெயில். லைசென்ஸ் இருந்தாலும், பொது இடத்துக்கு எடுத்துப் போகும்போது உறையில் போட்டு, முழுக்க மூடி, தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும் என்று 2016-ல் வந்த விதிகள் சொல்கின்றன. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்கிற வேலை வேறு.

சட்டத்தை விடுங்கள், உடம்பு என்ன சொல்கிறது? இடுப்பில் உறையோடு ஓடும் போலீஸ்காரரைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கை உறைமேல் அழுந்தியிருக்கும். ஆடாமல் இருக்கத்தான். ஒரு கை ஆட்டம் நின்றால் ஓட்டத்தின் தாளமே கெடும். தோளும் இடுப்பும் ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும். இப்படி ஓடி, தடுக்கி விழுந்தால் அந்த இரும்பின்மேலேயேதான் விழ வேண்டும். பின்னாலிருந்து பைக்கில் வந்து சங்கிலியை இழுக்கிறவன் கண் இமைக்கும் நேரத்தில் போய்விடுகிறான். வியர்வையில் நனைந்த சட்டையைத் தூக்கி, உறையைத் திறந்து... அதற்குள் அவன் அடுத்த ஊரில் இருப்பான். ஆகவே துப்பாக்கி கதையை இதோடு முடித்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்தப் பயம் பொய்யில்லை. சங்கிலிப் பறிப்பில் நகை போவதைவிடப் பெரிய ஆபத்து, சங்கிலி அறுபடாமல் ஆளையே இழுத்துச் சாய்ப்பது. கழுத்தில் ஆழமாக அறுக்கும். பின்மண்டை தரையில் அடிபடும். நம் பக்கத்தில் ஐந்து பவுன், எட்டுப் பவுன் தாலிக்கொடியோடு வாக்கிங் போகிற அம்மாக்கள் நிறைய. அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் மஞ்சள் கயிற்றில் தாலியைக் கோத்துப் போட்டுக்கொண்டு போங்கள். (மாமியார் முணுமுணுத்தால் அவரையும் வாக்கிங்குக்கு அழைத்துப் போய்விடுங்கள்!) ஒருவேளை யாராவது இழுத்துவிட்டால், பிடித்து மல்லுக்கு நிற்காமல் விட்டுவிடுங்கள். நகை வாங்கிக்கொள்ளலாம், தலை வாங்க முடியாது. உடனே 112-க்குப் போன் செய்யுங்கள்.

மிளகு ஸ்பிரே வைத்துக்கொள்ளலாமா? வைத்துக்கொள்ளலாம், லைசென்ஸ் தேவையில்லை. சின்ன டப்பாதான், கனமும் கம்மி. ஆனால் எதிர்க்காற்றில் அடித்தால் உங்கள் கண்ணுக்கே திரும்பிவிடும். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கண்ணில் பட்டுவிட்டால் கசக்காமல் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவணும். அதைப் பையின் அடியில் போட்டு வைப்பதில் பிரயோஜனம் இல்லை, கைக்கு எட்ட வேண்டும்.

சரி, எங்கே வைப்பது? நம் ஆட்கள் இதில் சூரர்கள். பாட்டியின் சுருக்குப் பை இடுப்புச் சேலை மடிப்புக்குள் போனால் வெளியே ஒரு மேடுகூடத் தெரியாது. தாத்தாவின் பட்டாப்பட்டி டிரவுசரில் ஆழமான பாக்கெட், அதற்குமேல் வேட்டி. சந்தைக்குப் போய் மாடு விற்ற பணம் அத்தனையும் அதற்குள் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தது. அதில் உள்ள தந்திரம் ரொம்ப சுலபம்: சாமான் தட்டையாக இருக்கணும், உடம்போடு ஒட்டியிருக்கணும், மேலே இன்னொரு துணி அழுத்திப் பிடித்திருக்கணும். விளையாட்டுச் சாமான் கடைகளில் இப்போது இழுபடும் துணியில் குழாய் மாதிரி தைத்த இடுப்புப் பட்டை கிடைக்கிறதே, அது பட்டாப்பட்டியின் பேரன்தான். ஜிப் வைத்துத் தொப்பை மாதிரி முன்னால் தொங்கும் பை நடப்பதற்குச் சரி. ஓட்டத்துக்கு ஆகாது.

கடைக்குப் போகவே வேண்டாம் என்றால் உங்கள் தெரு டெய்லரிடம் சொல்லுங்கள். டிராக் பேண்ட் அல்லது சுடிதார் பேண்டின் இடுப்புப் பட்டையில், உட்பக்கமாக, செல்போன் அளவுக்கு இறுக்கமான ஒரு பாக்கெட், மேலே சின்ன ஜிப். ஆனால் வெறும் நாடா கட்டிய பேண்டில் வேண்டாம். 200 கிராம் கனத்துக்கு நாடா தளர்ந்து, நடுரோட்டில் பேண்டைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டி வரும். அகல எலாஸ்டிக் இருக்கட்டும். செல்போனை வியர்வை நனைக்காமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் கவர் போதும். ஜாக்கெட்டுக்குள் செல்போனையும் பர்ஸையும் செருகுகிற பழக்கம் ஓட்டத்துக்குச் சரிப்படாது. அந்த இடத்தில் வியர்வையும் உராய்வும் சேர்ந்து தோல் சீக்கிரம் புண்ணாகும்.

சாவிக்கொத்தை மொத்தமாக எடுக்காதீர்கள். வாசல் சாவி ஒன்றை மட்டும் கழற்றி, ஊக்கில் மாட்டி, பாக்கெட்டின் உள்ளே குத்திவிடுங்கள். கையில் பிடித்துக்கொண்டு ஓடி விழுந்தால் உள்ளங்கை கிழியும். தண்ணீர் பாட்டில்? முக்கால் மணி நேரத்துக்குள் திரும்பிவிடுகிறவர்களுக்கு அது தேவையே இல்லை. புறப்படும் முன் ஒரு டம்ளர், வந்ததும் இரண்டு டம்ளர். ஆனால் சித்திரை, வைகாசியில் நம்மூரில் ஏழு மணிக்கே வெயில் சுள்ளென்று ஏறிவிடுகிறது. அப்போது பாட்டிலைச் சுமப்பதைவிட, முன்கூட்டியே புறப்படுவது மேல்.

இடுப்பில் எந்த இடம் என்பதுதான் ரொம்ப முக்கியம். இரண்டு இடங்கள் கூடவே கூடாது. ஒன்று, முதுகுத்தண்டின் நேர் மேலே. மல்லாக்க விழுந்தால் செல்போனோ சாவியோ எலும்பில் ஆணி மாதிரி இறங்கும். இன்னொன்று, இடுப்பெலும்பின் முன் முனை. பக்கவாட்டில் கை வைத்து முன்பக்கம் தடவிக்கொண்டே வாருங்கள், கூராக ஒரு எலும்பு தட்டுப்படும். அதன் ஓரமாகத்தான் தொடையின் வெளிப்பக்கத் தோலுக்குப் போகிற ஒரு நரம்பு இறங்குகிறது. இறுக்கமான பெல்ட்டும் கனமும் அதை அழுத்தினால் தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போகும், எரியும், மிளகாய்ப்பொடி தேய்த்த மாதிரி காந்தும். கனமான பெல்ட் கட்டும் போலீஸ்காரர்களுக்கும், இடுப்பில் கருவிகளைத் தொங்கவிட்டு வேலை செய்கிறவர்களுக்கும் இது வருவதுண்டு. தொந்தி உள்ளவர்கள், சர்க்கரைக்காரர்கள், கர்ப்பிணிகளுக்கு வாய்ப்பு இன்னும் அதிகம். 'வாதம் வந்துடுச்சோ' என்று பயந்து ஓடிவருகிறார்கள். பலருக்குப் பெல்ட்டைத் தளர்த்தினாலே சில வாரங்களில் சரியாகிவிடும். ஆனால் காலில் பலமே குறைந்தாலோ, சிறுநீர், மலம் போவதில் தடுமாற்றம் இருந்தாலோ அது வேறு விஷயம். அன்றைக்கே டாக்டரிடம் போகணும்.

தொப்புளுக்குக் கீழே அடிவயிற்றில், அல்லது முதுகுத்தண்டை விட்டு விலகிய சதைப்பற்றான இடத்தில் தட்டையாக வைக்கலாம். பட்டைக்கும் வயிற்றுக்கும் இடையில் இரண்டு விரல் நுழையணும். அதைவிட இறுகினால் மூச்சு மேலோட்டமாகும், நெஞ்செரிச்சலும் வரும். கர்ப்பிணிகளும், சிசேரியன் தழும்பு ஆறாதவர்களும், குடலிறக்கம் உள்ளவர்களும் இடுப்பில் எதையும் இறுக்கிக் கட்டக் கூடாது. எல்லாம் கட்டிய பிறகு வீட்டு வாசலிலேயே பத்துத் தடவை குதித்துப் பாருங்கள். ஏதாவது 'தொப்' என்றால் மறுபடி கட்டுங்கள்.

இனி தோல் சமாச்சாரம். இதைத்தான் நாம் கவனிப்பதேயில்லை. இடுப்புப் பட்டை, அரைஞாண் கயிறு, உள்ளாடை எலாஸ்டிக் மூன்றும் ஒரே இடத்தில் வியர்வையோடு உரசுகின்றன. முதலில் சிவக்கும், பிறகு எரியும். வட்ட வட்டமாக, ஓரம் தடித்து, அரிப்போடு பரவினால் அது படர்தாமரை. மருந்துக் கடையில் போய், "அரிப்புக்கு ஒரு டியூப் குடுங்க" என்று வாங்கிப் போடுகிறோம். அப்படி விற்கிற பல களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. இரண்டு நாளில் அரிப்பு அடங்கும். ஆஹா, என்ன மருந்து என்று தோன்றும். பூஞ்சை மட்டும் சாகாமல், இன்னும் அகலமாகப் பரவி, அப்புறம் எந்த மருந்துக்கும் லேசில் மசியாது. நாளாக நாளாகத் தோலும் மெலிந்து கோடு கோடாக வெடிக்கும். நம் நாடு முழுக்கத் தோல் டாக்டர்கள் தலையில் அடித்துக்கொள்கிற விஷயம் இது. தயவுசெய்து டாக்டரிடம் காட்டி, அவர் சொல்கிற நாள்வரை போடுங்கள். அரிப்பு நின்றதும் நிறுத்திவிடாதீர்கள்.

பட்டையைத் தினமும் துவைத்து வெயிலில் காயப்போடணும். வியர்வை காய்ந்த பட்டையை ஆணியில் மாட்டி, மறுநாள் அப்படியே எடுத்துக் கட்டுவது பூஞ்சைக்குச் சோறு போடுகிற மாதிரி. ஓடி வந்ததும் குளித்து, அரைஞாண் கயிற்றையும் துடைத்துவிடுங்கள். அது ரொம்பப் பழசாகிப் போயிருந்தால் மாற்றிவிடலாம். பக்கிள் படுகிற இடத்தில் மட்டும் கருத்து அரித்தால் அது நிக்கல் அலர்ஜியாக இருக்கலாம். உலோகம் இல்லாத பட்டையாகப் பாருங்கள்.

இத்தனை சாமானையும் குறைக்கச் சொல்கிற நான், ஒன்றை மட்டும் அவசியம் எடுத்துப் போகச் சொல்வேன். ஒரு சீட்டு. பெயர், வீட்டு ஆள் போன் நம்பர், ரத்த வகை, சாப்பிடுகிற மருந்து, அலர்ஜி இருந்தால் அது. ரோட்டோரம் மயங்கி விழுந்தவரை 108-ல் ஏற்றுகிறவர்களுக்கு அந்தச் சீட்டுதான் முதல் உதவி. செல்போன் பூட்டியிருந்தால் யாருக்குத் தகவல் சொல்வது?

சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்கள், கிளிமெப்பிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இன்னொன்றும் எடுத்துக்கொள்ளணும். மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடர், சின்னப் பொட்டலமாக. கை நடுக்கம், குப்பென்று வியர்வை, திடீர்ப் பசி, கண் இருட்டல் வந்தால் ஓட்டத்தை நிறுத்தி உட்கார்ந்து அதை வாயில் போடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு மூன்று ஸ்பூன். ஆகவே இரண்டு பொட்டலமாகவே வைத்துக்கொள்ளுங்கள். தெளிந்ததும் இட்லியோ பிஸ்கட்டோ சாப்பிட்டுவிடணும். கடலை மிட்டாய் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். அதில் உள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். இன்சுலின் பேனாவை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓட வேண்டாம், உடம்புச் சூட்டிலும் வெயிலிலும் மருந்து வீரியம் இழக்கும். பொட்டலத்தை வியர்வை படாத பிளாஸ்டிக் கவரில் போட்டு, வாரம் ஒரு தரம் பிரித்துப் பாருங்கள். கட்டியாகிப் போயிருந்தால் தூக்கிப்போட்டுவிட்டுப் புதுசாக மடித்து வையுங்கள்.