கார் ஓடுகிறது, முள் ஓடவில்லை

பழைய கார்களில் ஸ்பீடு சென்சார் என்றால் ஒன்றே ஒன்று அல்ல. கியர்பாக்ஸில் ஒன்று, ஏபிஎஸ் பிரேக் இருந்தால் சக்கரங்களில் தனித்தனியாகச் சில, ஆட்டோமேட்டிக் கியர் என்றால் அதற்கென்று மேலும் ஓரிரண்டு. மீட்டர் முள் அசையாதபோது சந்தேகிக்க வேண்டியது கியர்பாக்ஸ் சென்சாரை. ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் சக்கரத்துச் சென்சாரை. இந்தப் பிரிவினை தெரியாமல் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போவது வீண் செலவு.

ஆனால் எல்லாப் பழைய கார்களிலும் கியர்பாக்ஸ் சென்சார் இருப்பதில்லை. ஜெர்மானியரான ஓட்டோ ஷுல்ஸ் 1902-ல் காப்புரிமை பெற்ற வேகமானிதான் இந்த நூற்றாண்டின் வாசல்வரை பல சிறிய கார்களில் இருந்தது. கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள் மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். காந்தம் தன்னைச் சுற்றியுள்ள உலோகக் கிண்ணத்தை இழுக்க, முள் நகரும். இதில் சென்சாருக்கு வேலையே இல்லை. எஞ்சினைக் கம்ப்யூட்டர் ஆளத் தொடங்கிய பிறகுதான் வேகம் மின்துடிப்பாகத் தேவைப்பட்டது. சுசூகியின் பழைய கார்கள் சிலவற்றில் கேபிளை அப்படியே விட்டுவிட்டு, மீட்டருக்குள் காந்தத்தால் மூடித் திறக்கும் ஒரு ரீட் சுவிட்சை மட்டும் வைத்தார்கள். இத்தகைய காருக்குக் கியர்பாக்ஸில் சென்சார் தேடினால் கிடைக்காது. டேஷ்போர்டைத்தான் கழற்ற வேண்டும். ஜப்பானிய வழக்கப்படி 60 கி.மீ. வேகத்தில் கேபிள் நிமிடத்துக்கு 637 சுற்று சுற்றும். ஒரு சுற்றுக்கு 4 துடிப்பு என்றால் கிலோமீட்டருக்கு 2,548 துடிப்புகள்.

முன்சக்கர இயக்கக் கார்களில் கியர்பாக்ஸ் சென்சார் பெரும்பாலும் டிஃபரென்ஷியலுக்கு மேலே, எஞ்சினுக்கும் ஃபயர்வாலுக்கும் நடுவில் ஒளிந்திருக்கும். ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றினால் கண்ணில் படும். பின்சக்கர இயக்கக் கார்களில் கியர்பாக்ஸின் வால்பகுதியில், புரொப்பெல்லர் ஷாஃப்ட் புறப்படும் இடத்துக்கு அருகே பார்க்க வேண்டும். கனெக்டரில் மூன்று வயர் இருந்தால் அது பெரும்பாலும் ஹால் வகை: மின்சாரம், எர்த், சிக்னல். இரண்டே வயர் என்றால் பழைய கார்களில் அது அநேகமாக வெறும் காயிலும் காந்தமும்தான்.

சென்சார் போனால் முள் மட்டும் நிற்பதில்லை. ஓடிய கிலோமீட்டர் கணக்கும் நிற்கும். சிக்னலில் நிற்கப் போகும்போது எஞ்சின் அணையலாம். ஆட்டோமேட்டிக் கியர் உதைத்து மாறலாம். ஸ்கேனரில் பி0500 என்ற கோடு வரும். ஆனால் அந்தக் கோடு சொல்வது ‘வேகச் சிக்னல் வரவில்லை’ என்பதை மட்டுமே. ‘சென்சார் கெட்டுவிட்டது’ என்று அது சொல்லவில்லை. பச்சை பூத்த கனெக்டர் பின், எலி கடித்த வயர், பல் மழுங்கிய பிளாஸ்டிக் பினியன் என எதுவும் காரணமாக இருக்கலாம். ஸ்டீரியோவோ அலாரமோ பொருத்தியவர் அந்தச் சிக்னல் வயரிலேயே கைவைத்திருந்தால் அதுவும்தான்.

ஆகவே மல்டிமீட்டர் முதலில், ஸ்பேனர் பிறகு. முன்சக்கர இயக்கக் காரில் ஹால் சென்சாரைச் சோதிக்க, பின்சக்கரங்களுக்கு அடைகல் வைத்து, ஒரு முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைக்க வேண்டும். எஞ்சின் ஓடக்கூடாது, சாவி மட்டும் ஆனில் இருக்கட்டும். மீட்டரின் ஒரு முனை சிக்னல் வயரில், மறுமுனை எர்த்தில். ஒருவர் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்ற, அளவு பூஜ்யத்துக்கும் ஏறத்தாழ 5 வோல்ட்டுக்கும் (சில கார்களில் 12) இடையே மாறி மாறித் தாவினால் சென்சார் நலம். தாவவில்லையா? 12 வோல்ட்டும் எர்த்தும் சென்சார்வரை வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். இரண்டும் வந்து, சிக்னல் வயரும் எங்கும் அறுந்தோ எர்த்தில் பட்டோ இல்லை என்றால் சென்சாரையோ அதைச் சுழற்றும் பினியனையோ குற்றம் சொல்லலாம்.

மாற்றுவது அதைவிட எளிது. பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றி, சூடு ஆறியபின், சென்சாரைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைக்க வேண்டும். அது கியர்பாக்ஸுக்குள் விழுந்தால் புதிய தலைவலி. பிடித்திருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு போல்ட். சென்சாரை நெம்பாமல் இடமும் வலமுமாகத் திருகி உருவ வேண்டும். பினியன் தனியாக வந்தால் பல்லை எண்ணிப் பார்ப்பது நல்லது. எண்ணிக்கை மாறினால் மீட்டர் பொய் சொல்லும். ஓ-ரிங் கட்டாயம் புதிது. கியர் ஆயில் தடவிப் பொருத்த வேண்டும். ஆயில் வழிந்திருந்தால் அளவு பார்த்து ஊற்ற வேண்டும்.

சக்கரத்துச் சென்சார்தான் பொறுமையைச் சோதிப்பது. ஹப்பின் துருவுக்குள் அது இறுகிக் கிடக்கும்; துரு நீக்கும் ஆயிலை விட்டு ஊறவைக்காமல் இழுத்தால் தலை உடைந்து கையோடு வரும், உடல் உள்ளேயே தங்கிவிடும். கழற்றுமுன் பார்க்க வேண்டியவை வேறு: காந்த முனையில் ஒட்டிய இரும்புத்தூள், விரிசல் விட்ட பல்சக்கரம், ஸ்டீயரிங் திரும்பும்போதெல்லாம் வளைந்து வளைந்து உள்ளே அறுந்த வயர். இருவயர்க் காயில் வகையானால், எதிர்ப்பக்கச் சென்சாரின் ஓம் அளவோடு ஒப்பிட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். புதியதைப் பொருத்தும் துளையையும் அது அமரும் பரப்பையும் எமரி தாளால் துருவின்றித் தேய்க்க வேண்டும். சென்சாருக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய 1 மி.மீ. மட்டுமே என்பதால், அடியில் படிந்த துரு அதைத் தூக்கிவிட்டாலும் சிக்னல் மங்கும். வேலை முடிந்து கோடை அழித்தபின்னும் சில கார்களில் ஏபிஎஸ் விளக்கு உடனே அணையாது. சிறிது தூரம் ஓட்டி, எல்லாச் சக்கரங்களின் சிக்னலையும் கம்ப்யூட்டர் பார்த்த பிறகே அணையும்.