கள்ளுக்கடைக்கு ஓனர் யாரு? ஊர்தான்! யாழ்ப்பாணத் தவறணைகள் சொல்லும் கணக்கு

களியக்காவிளையில் பஸ் ஏறி கேரளாவுக்குள் போனால், கொஞ்ச நேரத்திலேயே ரோட்டோரத்தில் 'கள்ளு' என்று ஒரு போர்டு கண்ணில் படும். உள்ளே மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் ரெடியாக இருக்கும். இந்தப் பக்கம் அதே மண், அதே பனை. ஆனால், இங்கே மரத்திலிருந்து அக்கானி மட்டும்தான் இறக்கலாம். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் அது அக்கானி, அதாவது பதநீர். தடவாமல் விட்டால் சில மணி நேரத்தில் தானாகவே புளித்துக் கள்ளாகிவிடும். 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. ஆக, ஒரு கைப்பிடிச் சுண்ணாம்புதான் தொழிலுக்கும் போலீஸ் கேஸுக்கும் நடுவில் நிற்கிறது!

கள் வேணுமா, வேண்டாமா என்ற சண்டை நமக்குப் பழசு. இன்னொரு கேள்வியை நாம் அதிகம் கேட்பதில்லை. கடை என்று ஒன்று இருந்தால், அது யாருடையதாக இருக்கணும்? ஏலம் எடுத்த முதலாளிக்கா, அரசுக்கா, இல்லை மரம் ஏறுகிற ஆளுக்கா? இதற்குக் கடலுக்கு அந்தப் பக்கம், தமிழ் பேசுகிற ஊரிலேயே ஒரு பதில் இருக்கு.

தவறணை தெரியுமா?

யாழ்ப்பாணத்தில் கள்ளுக்கடைக்குத் 'தவறணை' என்று பேர். ஐரோப்பியர் வாயிலிருந்து வந்த 'டவர்ன்' நம்மாட்கள் நாக்கில் இப்படி ஆகிவிட்டது. பனையோலையை மடித்துச் செய்த 'பிளா'வில் கள் குடிப்பது அந்த ஊர் வழக்கம்.

ஆனால், இந்தத் தவறணைகளுக்குப் பின்னால் இருக்கிற கதை அவ்வளவு இனிப்பானது இல்லை. ஒரு காலத்தில் தவறணையை ஏலத்தில் எடுத்தவர்தான் ராஜா. மரம் வேறொருவருடையது, கடை இன்னொருவருடையது. உயிரைக் கையில் பிடித்து ஏறுகிற தொழிலாளிக்குச் சொந்தமாக இருந்தது கத்தியும் தளைநாரும்தான். அதோடு, ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் சாதியால் ஒடுக்கப்பட்டவர்கள். விலை பேசுகிற இடத்தில் அவர்களுக்கு நாற்காலியே கிடையாது.

1970களின் தொடக்கத்தில் இது மாறியது. சீவல் தொழிலாளர்கள் கூட்டுறவுச் சங்கங்களாகச் சேர்ந்தார்கள். இன்று அவை 'பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள்' என்ற பேரில் இயங்குகின்றன. தவறணைகளை நடத்துவது இந்தச் சங்கங்கள்தான்.

எப்படி நடக்குது?

சிம்பிள்தான். உறுப்பினர் தான் இறக்கிய கள்ளைச் சங்கத்திடம் கொண்டுவந்து கொடுப்பார். அளந்து எடுத்துக்கொண்டு, அளவுக்கு ஏற்பக் காசு எழுதுவார்கள். அதைச் சங்கமே தன் தவறணையில் விற்கும். தொழிலாளிக்கு வாடிக்கையாளரைத் தேடி அலைய வேண்டியதில்லை. நடுவில் கமிஷன் அடிக்க ஆளும் இல்லை.

சரி, சீசனில் கள் பொங்கி வழிந்தால்? கள்ளை நாளைக்கு என்று எடுத்துவைக்க முடியாதே! அதற்காகத்தான் பருத்தித்துறைக்குப் பக்கத்தில் திக்கம் வடிசாலை வந்தது. மிஞ்சிய கள் அங்கே போய்ச் சாராயமானது. இன்னொரு வழி, போத்தலில் அடைப்பது. யாழ்ப்பாணப் பனங்கள் இப்படிப் போத்தலில் ஏறி, புலம்பெயர்ந்த தமிழர்கள் வாழ்கிற நாடுகள் வரைக்கும் போயிருக்கு.

இங்கேதான் முக்கியமான விஷயம். பனையேறியின் பெரிய பயம் விலை இல்லை, விழுகிற பயம். ஒருமுறை கை நழுவினால், உயிர் பிழைத்தாலும் குடும்பத்தின் வருமானம் அன்றோடு நின்றுவிடும். முதலாளி மறுநாளே வேறு ஆளைத் தேடுவார். சங்கத்தில் நிலைமை வேறு. விபத்து உதவி, சேமிப்பு, பிள்ளைகளின் படிப்புச் செலவு என்று கடை லாபத்தில் ஒரு பங்கை உறுப்பினர் குடும்பத்துக்கே திருப்ப வழி இருக்கு. ஏன்னா, லாபத்தை என்ன செய்யலாம் என்று ஓட்டுப் போடுகிறவரும் அதே பனையேறிதான்.

இங்கிலாந்திலும் இதே கதை

நம்ம ஊர் டீக்கடை பெஞ்ச் மாதிரி, இங்கிலாந்துக் கிராமங்களில் ஊர்க்கதை பேசுகிற இடம் 'பப்'. அது மூடினால் ஊரே ஊமையாகிவிடும். கம்ப்ரியா பகுதியில் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் என்ற சின்னக் கிராமம். அங்கே 'ஓல்ட் கிரௌன்' பப் கை மாறப்போகிற நிலையில், நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் காசு போட்டு 2003-ல் அதை வாங்கிக் கூட்டுறவாக்கினார்கள். யார்க்‌ஷயரின் ஹட்ஸ்வெல் கிராமத்தில் 2008-ல் மூடிய 'ஜார்ஜ் அண்ட் டிராகன்' பப்பை, ஊர்க்காரர்கள் 2010-ல் திறந்தார்கள். அங்கே பீர் மட்டும் இல்லை. குட்டி லைப்ரரி, மளிகைக் கடை எல்லாம் உண்டு. பிரிட்டனின் 2016-ம் ஆண்டுக்கான சிறந்த பப் விருதும் அதற்குத்தான் கிடைத்தது.

இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான்: எவ்வளவு பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு.

அப்போ எல்லாம் சரியா?

அப்படிச் சொன்னால் பொய். போர் யாழ்ப்பாணத்துப் பனைகளை அழித்தது. படித்த பிள்ளைகள் மரம் ஏற வருவதில்லை. பீரும் பாட்டில் சரக்கும் தவறணைக் கூட்டத்தைப் பிரித்துக்கொள்கின்றன. அதைவிட முக்கியமாக, கடை ஊருடையது என்பதால் போதை நல்லதாகிவிடாது. குடியால் நொந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கு. நம்ம ஊர் டாஸ்மாக்கை எங்கே திறக்கணும், எப்போ மூடணும் என்பதற்கு ஊர் மனு கொடுக்கணும், மறியல் பண்ணணும். ஊரே நடத்துகிற கடையில் முடிவை ஒரு கூட்டத்தில் எடுத்துவிடலாம். 'இவனுக்கு இன்னைக்கு இது போதும்' என்று சொல்லக்கூடிய ஆள், அதே தெருவில் குடியிருப்பவராக இருப்பார்.

கூட்டுறவு நமக்கும் புதுசு இல்லை. பால் சங்கமும் பனைவெல்லச் சங்கமும் பார்த்த மாவட்டம்தான் இது. சட்டம் நாளைக்கு மாறுதோ இல்லையோ, அக்கானிக்கும் கருப்பட்டிக்கும் இந்தக் கணக்கு இன்றைக்கே பொருந்தும்.

பங்குனி, சித்திரை வெயிலில் ரோட்டோரம் வண்டியை நிறுத்தி அக்கானி குடிப்பீங்கதானே? அடுத்த தடவை ஃபோட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறதுக்கு முன்னாடி, விற்கிற அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க: "இந்த விலையை யாரு அண்ணாச்சி முடிவு பண்ணுறது? இதுல மரம் ஏறினவருக்கு எவ்வளவு போகும்?"