நண்பர்களைக் காக்க வைத்த நெட்ரன்னர்

குட்டீஸ், ஐந்து பேர் கூடி விளையாட உட்காருகிறீர்கள். ஒருவன் மட்டும் ஒரு மணி நேரம் ஆடுகிறான். மற்ற நால்வரும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். சும்மா இருப்பீர்களா? 'போடா, நீயே ஆடிக்கோ' என்று எழுந்துவிட மாட்டீர்கள்? அமெரிக்காவில் பிறந்த 'சைபர்பங்க்' விளையாட்டுக்கு இந்தத் தலைவலிதான் வந்தது.

மைக் பாண்ட்ஸ்மித் என்பவர் உருவாக்கி, 1988-ல் வெளிவந்தது இது. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, காகிதம், பென்சில், பகடையோடு கதை சொல்லியே ஆடுவது. கதையை நடத்த ஒரு நடுவர். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேடம். ஒருவர் வீரர், ஒருவர் மருத்துவர், ஒருவர் பாடகர்கூட! இன்னொருவர் 'நெட்ரன்னர்'. மூளையைக் கணினியோடு இணைத்து, மாய உலகுக்குள் புகுந்து, பிறர் கணினிகளின் பூட்டை உடைப்பவர். (நிஜத்தில் செய்தால் போலீஸ் வரும்! புத்தகமும் பெரியவர்களுக்கானதே. நமக்கு வேண்டியது அதன் விதி மட்டும்.)

1990-ல் வந்த பதிப்பில், நெட்ரன்னர் வீட்டில் இருந்தபடியே தொலைவில் உள்ள கணினிக்குள் நுழையலாம். அவருக்கென்று கட்டம் போட்ட தனி வரைபடம், தனிச் சண்டை. நடுவரும் அவரும் ஆடிக்கொண்டே இருக்க, மற்றவர்களுக்குக் கொட்டாவி! ஒரு பிள்ளையை மட்டும் கரும்பலகைக்கு அழைத்துக் கணக்குப் போடச் சொன்னால் வகுப்பே தூங்கிவிடும். வாத்தியார் வேலையில் நான் கண்ட உண்மை இது.

2020-ல் வந்த 'சைபர்பங்க் ரெட்' பதிப்பில் கதையையே மாற்றினார்கள். பழைய உலக வலை நாசமாகிவிட்டதாம். இனி நெட்ரன்னரும் நண்பர்களோடு அந்தக் கட்டடத்துக்கே போக வேண்டும். இணைப்பிலிருந்து 6 மீட்டருக்குள் நிற்க வேண்டும். கட்ட வரைபடத்துக்குப் பதில், லிஃப்ட் போல ஒன்றின் கீழ் ஒன்றாகத் தளங்கள். ஒரு தளத்தில் கடவுச்சொல், அடுத்ததில் ரகசியக் கோப்பு, இன்னொன்றில் கேமராவின் விசை. நடுவில் கடிக்க வரும் காவல் நிரலும் உண்டு!

கணக்கு எளிது. பத்து முகப் பகடையை உருட்டி, விழும் எண்ணோடு திறமை எண்ணைக் கூட்டுங்கள். திறமை 4, பகடையில் 5, மொத்தம் 9. கடவுச்சொல்லின் எண் 8 என்றால் திறந்துவிடும். 3 விழுந்திருந்தால்? நீங்களே கூட்டிப் பாருங்கள்.

திறமை 4 உள்ளவர் தம் முறையில் மூன்று செயல்கள் செய்யலாம். உடனே அடுத்தவர் முறை. வாசலில் வீரர் காவலர்களைத் தடுத்து நிற்கிறார். உள்ளே நெட்ரன்னர் கேமராவை அணைக்கப் பார்க்கிறார். இவர் தவறினால் அவர் மாட்டிக்கொள்வார். யாருக்குக் கொட்டாவி வரும்?

நான்கு தளம் வரைந்து நீங்களும் ஆடிப் பாருங்கள். பத்து முகப் பகடை இல்லையா? 1 முதல் 10 வரை சீட்டு எழுதி, டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுங்கள். எடுத்த சீட்டை மறுபடி டப்பாவில் போட மறக்காதீர்கள்!