பந்திக்குப் பந்தி டேட்டா சென்டர்

எப்படி இயங்குகிறது? மாடுலர் டேட்டா சென்டரை இந்தியாவில் விற்கும் சந்தைத் திட்டம், ஒரு கல்யாணச் சமையல் காண்ட்ராக்டரின் கணக்கில்.

அனுபவமுள்ள சமையல் காண்ட்ராக்டரிடம் கல்யாண ஆர்டர் பேசப் போனால், சாம்பாரா வத்தக்குழம்பா என்ற பேச்சு கடைசியில்தான் வரும். எத்தனை இலை, எந்த மண்டபம், தண்ணீர் உண்டா, லாரி உள்ளே வருமா, அட்வான்ஸ் எப்போது என்பதை முதலில் கேட்பார். மாடுலர் டேட்டா சென்டர் விற்கக் கிளம்புகிறவர்களும் இதே வரிசையில் கேட்டால் பாதித் திட்டம் தானாக உருவாகிவிடும். பொருளின் பெருமையைச் சொல்லும் பளபளப்பான கையேட்டோடு தொடங்கினால் கேள்விகள் பின்னால் வரும், ஆர்டர் போன பிறகு.

லாரியில் வரும் அடுக்களை

சாதாரண டேட்டா சென்டர், மண்டபத்தோடு சேர்த்துக் கட்டிய நிரந்தரச் சமையலறை மாதிரி. நிலம் வாங்கி, கட்டடம் எழுப்பி, மின்சாரம், குளிரூட்டல், தீயணைப்பு என்று ஒவ்வொன்றாக உள்ளே வரவேண்டும். பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வருடம் பிடிக்கும். மாடுலர், காண்ட்ராக்டர் லாரியில் ஏற்றி வரும் சமையல் செட். சர்வர் வைக்கும் ரேக், யுபிஎஸ், பேட்டரி, குளிரூட்டி, தீயணைப்பு வாயு, கதவுப் பூட்டு, கண்காணிப்புத் திரை எல்லாவற்றையும் தொழிற்சாலையிலேயே பொருத்தி, ஓட்டிப் பார்த்து, பெட்டிகளாக அனுப்புவார்கள். இடத்தில் தளம் போட்டு, மின்கேபிளையும் ஃபைபரையும் இணைத்து, மறுபடி ஒருமுறை சோதித்தால் வேலை முடிந்தது. இங்கே தளம் போடும்போதே அங்கே பெட்டி தயாராகிறது. நேரம் மிச்சமாவது இதனால்தான்.

யோசனை புதிதில்லை. 2006இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 20 அடி கப்பல் கன்டெய்னருக்குள் ஒரு டேட்டா சென்டரையே அடக்கிக் காட்டியது. 2005 முதல் கன்டெய்னர்களைப் பயன்படுத்தி வருவதாகவும், ஒவ்வொன்றிலும் 1,160 சர்வர்கள் இருப்பதாகவும் 2009இல் கூகுள் வெளியே சொன்னது.

இந்தியாவில் தேவையை வளர்த்ததில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. பணப் பரிவர்த்தனைத் தரவுகளை இந்தியாவுக்குள் மட்டுமே வைக்கவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் உத்தரவிட்டது. கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாளுக்கு இந்தியாவில் சேமித்து வைக்கச் சொன்னது, இணையப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவு. வெளியூரில் சமைத்து எடுத்துவருவதற்கு இடமில்லை, இங்கேயே அடுப்பு மூட்டியாக வேண்டும்.

முதல் கேள்வி: எத்தனை இலை?

இந்தத் தொழிலில் இலைக் கணக்கு கிலோவாட். சதுர அடியையோ சர்வர் எண்ணிக்கையையோ வைத்துப் பேசினால் குழப்பம்தான் மிஞ்சும். வங்கி, கல்லூரி, அரசு அலுவலகம் போன்ற இடங்களில் ஒரு ரேக்குக்கு 5 முதல் 10 கிலோவாட் போதும். செயற்கை நுண்ணறிவுக்கான என்விடியா ஜிபி200 என்விஎல்72 போன்ற ரேக் ஒன்றே சுமார் 120 கிலோவாட் இழுக்கும், திரவக் குளிரூட்டல் இல்லாமல் ஓடாது. இட்லிக் கொப்பரையை வைத்துக்கொண்டு தம் பிரியாணி ஆர்டர் பிடிக்கக் கூடாது. இரண்டுக்கும் செட் வேறு, ஆள் வேறு, விலையும் வேறு. எந்தச் சமையலுக்கு நீங்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

அடுத்தது விறகுச் செலவு. டேட்டா சென்டர் இழுக்கும் மொத்த மின்சாரத்தை, சர்வர்களுக்குப் போய்ச்சேரும் மின்சாரத்தால் வகுத்தால் வருவது பி.யு.இ. சர்வர்களுக்கு 100 கிலோவாட் வேண்டும், பி.யு.இ. 1.8 என்றால் மீட்டரில் 180 கிலோவாட் ஓடும். அதை 1.5க்குக் கொண்டுவந்தால் வருடத்துக்கு 2,62,800 யூனிட் மிச்சம். யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 21 லட்ச ரூபாய். கையேட்டில் போடவேண்டிய எண் இது.

மாடுலரின் உண்மையான சாதகம் இங்கேதான் தெரியும். ஆயிரம் பேருக்குக் கட்டிய சமையலறையில் இருநூறு பேருக்குச் சமைத்தால் பெரிய அண்டாவின் அடியைச் சூடாக்கவே எரிவாயு போய்விடும். பாதி காலியாகக் கிடக்கும் பெரிய டேட்டா சென்டரிலும் பி.யு.இ. கெட்டுப்போகும். முதல் பந்திக்கு ஒரு பெட்டி, கூட்டம் சேர்ந்தால் அடுத்த பெட்டி என்று போனால் முதலும் முடங்காது, மின்சாரமும் வீணாகாது.

இரண்டாவது கேள்வி: யார் வீட்டுக் கல்யாணம்?

திட்டத்தின் உயிர் இந்தக் கேள்வியில் இருக்கிறது. இந்தியாவின் டேட்டா சென்டர் திறனில் பெரும்பங்கு மும்பையிலும் நவி மும்பையிலும் குவிந்திருக்கிறது. கடலடிக் கேபிள்கள் கரையேறும் சென்னையில் அம்பத்தூரும் சிறுசேரியும் நிரம்பி வருகின்றன. விசாகப்பட்டினத்தில் ஐந்து வருடத்தில் 1,500 கோடி டாலர் முதலீடு செய்யப்போவதாக கூகுள் 2025 அக்டோபரில் அறிவித்தது. இந்தத் தொகைகளைப் பார்த்து ஆசைப்பட்டு அங்கே போய் நிற்பதுதான் புதியவர்கள் சறுக்கும் இடம். அவ்வளவு பெரிய வீடுகளில் சொந்தச் சமையலறையும் சொந்தத் தலைமைச் சமையல்காரரும் உண்டு. முழு ஆர்டர் உங்களுக்கு வராது. காய் நறுக்கித் தரும் வேலை கிடைக்கலாம். யுபிஎஸ், சுவிட்ச்போர்டு, பேட்டரியை ஒரே சட்டத்தில் ஏற்றித் தயாராகக் கொடுக்கும் மின் மாட்யூல்களைப் பெரிய கட்டுமானங்களும் வாங்குகின்றன. அதைத் தனி வியாபாரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

முழுச் சமையலுக்கு ஏற்ற வாடிக்கையாளரைக் கண்டுபிடிக்க ஒரே அளவுகோல் போதும்: இடமும் மின் இணைப்பும் ஏற்கெனவே கையில் இருக்கிறதா? பெட்டி சில மாதத்தில் வந்து நிற்கும். புதிதாக உயரழுத்த இணைப்பு கேட்டு, துணைமின்நிலையத்திலிருந்து தனி ஃபீடர் இழுத்து, மின் ஆய்வாளர் சான்று வாங்குவதற்குள் உங்கள் வேகத்தின் பலன் அனைத்தும் கரைந்துவிடும். அடுப்பு வந்த பிறகு தண்ணீருக்குக் கிணறு வெட்டுவதற்குச் சமம் அது. உருக்காலை, துறைமுகம், சுத்திகரிப்பு ஆலை, பல்கலைக்கழகம், பெரிய மருத்துவமனை, தொலைபேசி நிலையம், மாநில அரசின் டேட்டா சென்டர், ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் 100 நகரங்களிலும் உள்ள கட்டுப்பாட்டு மையங்கள் ஆகியவற்றில் இடமும் மின்சாரமும் காவலும் முன்பே உண்டு.

ரயில்வேயின் தொலைத்தொடர்பு நிறுவனமான ரயில்டெல் இந்த வழியில் போகிறது. 102 இடங்களில் எட்ஜ் டேட்டா சென்டர், அதாவது பயனாளருக்கு அருகிலேயே இருக்கும் சின்ன டேட்டா சென்டர், அமைக்க டெக்னோ எலக்ட்ரிக் நிறுவனத்தைக் கூட்டாளியாக்கியது. ரயில் பாதையோரம் ஏற்கெனவே ஓடும் ஃபைபர்தான் அதன் பலம்.

மூன்றாவது கேள்வி: தண்ணீர், வழி, வெயில்

வாடிக்கையாளர் கிடைத்ததும் மண்டபத்தைப் போய்ப் பார்த்துவிடவேண்டும். 40 அடி கன்டெய்னரின் நீளம் 12.19 மீட்டர், அகலம் 2.44 மீட்டர். இந்த அளவுக்குள் பெட்டி அடங்கினால் சாதாரண டிரெய்லரில் போகும். அகலம் கூடினால் ஓடிசி எனப்படும் அளவு மீறிய சரக்காகி, அனுமதி, துணை வண்டி, இரவுப் பயணம் என்று செலவு ஏறும். கிரேன் நிற்க இடம் உண்டா, குறுக்கே மின்கம்பி போகிறதா என்பதை ஆர்டர் எடுக்குமுன் பார்க்கவேண்டும், லாரி வந்த அன்று பார்க்கக் கூடாது.

சர்வருக்குள் போகும் காற்று 18 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம் என்பது குளிரூட்டல் பொறியாளர்களின் அமைப்பான ஆஷ்ரேயின் பரிந்துரை. வெளியே நாக்பூரில் மே மாதம் 45 டிகிரியைத் தொடும். சென்னையில் உப்புக் காற்று தகட்டை அரிக்கும். டெல்லியில் தூசி வடிகட்டியை அடைக்கும். ஐரோப்பாவில் ஓடிய பெட்டியை அப்படியே இறக்கிவைத்தால் முதல் கோடையிலேயே மூச்சுத் திணறும். தண்ணீரைக் கொண்டு குளிரவைத்தால் மின்சாரம் மிச்சமாகும், ஆனால் தண்ணீருக்கு எங்கே போவது? கோடையில் லாரித் தண்ணீரை நம்பும் ஊர்களில் காற்றால் குளிரும் சில்லரே பத்திரமானது, மின் கட்டணம் கொஞ்சம் கூடினாலும். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னையில் தளத்தின் உயரத்தையும் விலைப்பட்டியலில் சேர்த்தே தீரவேண்டும்.

மின்சாரம் வாங்குவதில் சின்ன டேட்டா சென்டருக்குச் சாதகமாக ஒரு விதி வந்திருக்கிறது. 2022இன் பசுமை ஆற்றல் திறந்த அணுகல் விதிகளின்படி, 100 கிலோவாட்டும் அதற்கு மேலும் மின்பளு உள்ளவர்கள் காற்றாலை, சூரிய மின்சாரத்தை நேரடியாக வாங்கலாம். முன்பு இந்த வரம்பு 1 மெகாவாட்டாக இருந்தது. பெட்டியோடு பசுமை மின்சார ஒப்பந்தத்தையும் சேர்த்துக் கொடுப்பது நல்ல வியாபார உத்தி.

நான்காவது கேள்வி: மளிகை லிஸ்ட்டும் வரியும்

2022 மத்திய பட்ஜெட், டேட்டா சென்டருக்கு உள்கட்டமைப்புத் தகுதி தருவதாகச் சொன்னது. நீண்ட காலக் கடன் எளிதாகக் கிடைக்க அது உதவும். ஆனால் பின்னர் வந்த அறிவிக்கையில் குறைந்தபட்சம் 5 மெகாவாட் என்று வரம்பு வைத்தார்கள். 500 கிலோவாட் பெட்டி வாங்குகிறவருக்கு அந்தச் சலுகை எட்டாது. ஆகவே கடனுக்கு வேறு வழியை நீங்களே யோசித்துக் கொண்டுபோகவேண்டும்.

அரசு வாங்கும் இடங்களில் ஜெம் எனும் அரசுக் கொள்முதல் இணையதளம், டெண்டர், குறைந்த விலைப்புள்ளி என்ற வரிசை. 2017ஆம் ஆண்டின் மேக் இன் இந்தியா கொள்முதல் ஆணைப்படி, உள்நாட்டு மதிப்பு 50 சதவீதத்தை எட்டினால் முதல் வகுப்பு உள்ளூர் விற்பனையாளர் என்ற முன்னுரிமை. கூடு, ரேக், மின்பலகை, கேபிள் ஆகியவற்றை உள்ளூர்ப் பட்டறைகளில் வாங்கினால் இந்தக் கணக்கு கைகூடும். மளிகையை உள்ளூர்ச் சந்தையில் எடுப்பதற்கு விலை மட்டும் காரணமில்லை, டெண்டருக்குள் நுழையும் சீட்டே அதுதான்.

வரியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அசையாச் சொத்து கட்டும் செலவுக்கு ஜிஎஸ்டியில் உள்ளீட்டு வரி வரவு கிடைப்பதில்லை, இயந்திரத்துக்குக் கிடைக்கும். கைப்பேசி கோபுரங்களும் அவற்றோடு வைக்கப்படும் முன்தயாரிப்புக் கூடங்களும் சேதமில்லாமல் கழற்றி வேறிடம் கொண்டுபோகக் கூடியவை, ஆகவே அசையும் பொருள்களே என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பார்தி ஏர்டெல் வழக்கில் சொன்னது. அது ஜிஎஸ்டிக்கு முந்தைய சென்வாட் வரி வரவு முறை பற்றிய தீர்ப்பு. இருந்தாலும் பெட்டிக்குத் தனி ஒப்பந்தம், தளம் போடும் வேலைக்குத் தனி ஒப்பந்தம் என்று பிரித்து எழுதுவது பற்றி ஆடிட்டரிடம் முதலிலேயே பேசிவிடுவது நல்லது.

ஐந்தாவது கேள்வி: இலைக்கு என்ன ரேட்?

மூன்று விதமாக விலை வைக்கலாம். மொத்தமாக விற்றுவிடுவது, மாத வாடகைக்கு விடுவது, ஓட்டித் தந்து கிலோவாட்டுக்கு இவ்வளவு என்று வாங்குவது. அரசுத் துறைக்கு முதலாவது பழக்கமானது. முதல் போடத் தயங்கும் தனியார் மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் மூன்றாவது பிடிக்கும். ஆனால் அதில் உங்கள் பணம் வருடக்கணக்கில் முடங்கும், அதனால் அட்வான்ஸ் குறைவான ஆர்டர்களை எண்ணி எடுக்கவேண்டும். எந்த விதமானாலும் இரண்டாவது பெட்டியின் விலையை முதல் ஒப்பந்தத்திலேயே எழுதிவையுங்கள். அடுத்த பந்திக்கு ரேட் தெரியாத வீட்டுக்காரர் வேறு காண்ட்ராக்டரைத் தேடிப் போவார்.

ஆறாவது கேள்வி: பரிமாற ஆள் உண்டா?

சமையல் எவ்வளவு நன்றாக அமைந்தாலும் பந்தியில் ஆள் இல்லையென்றால் பேர் கெட்டுவிடும். மூன்றாம் நிலை (டியர் 3) டேட்டா சென்டரோடு சேர்த்துச் சொல்லப்படும் 99.982 சதவீதம் என்ற எண், வருடத்தில் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்று பொருள்படும். ஓர் அடுப்பு பழுதானால் உடனே ஏற்ற இன்னோர் அடுப்பு வேண்டும். யுபிஎஸ்ஸிலும் குளிரூட்டியிலும் தேவைக்கு மேல் ஒன்றை உபரியாக வைப்பது இதற்காகத்தான். ஆனால் தூத்துக்குடியில் பழுதான மின்விசிறிக்கு மும்பையிலிருந்து பாகம் வருவதானால் உபரியும் சீக்கிரம் தீர்ந்துபோகும். சின்ன ஊர்களில் விற்பதானால் உதிரிப்பாகக் கிடங்கும், உள்ளூர் ஐடிஐ, டிப்ளமோ படித்தவர்களுக்குப் பயிற்சியும் விற்பனைக்கு முன்பே தயாராக வேண்டும்.

முதல் வருடத் திட்டம்

இந்த ஆறு பதில்களையும் சேர்த்தால் திட்டம் இப்படி அமையும். 100 முதல் 500 கிலோவாட்டுக்குள் ஒரே ஒரு அளவில் ஒரே ஒரு பெட்டி வடிவம். இடமும் மின்சாரமும் வைத்திருக்கும் மூன்றே வகை வாடிக்கையாளர்கள். சர்வீஸ் ஆள் நான்கு மணி நேரத்தில் போய்ச்சேரக் கூடிய இரண்டு மாநிலங்கள். உள்நாட்டு மதிப்பு 50 சதவீதத்துக்கு மேல். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கும்படி ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மாதிரிப் பெட்டி, அதன் உண்மையான மின் மீட்டர் கணக்கோடு. செயற்கை நுண்ணறிவுக்கான பெட்டி இரண்டாம் வருடத்துக்கு.

தகட்டுப் பெட்டியை யாரும் நகலெடுத்துவிடலாம், நான்கு மணி நேரத்தில் வந்து நிற்கும் ஆளை நகலெடுப்பது கடினம். ஆகவே முதல் வருட முதலீட்டில் தொழிற்சாலையை விரிவாக்கும் பங்கைக் குறைத்து, சர்வீஸுக்கும் உதிரிப்பாகத்துக்கும் கூடுதலாக ஒதுக்குங்கள். இரண்டாவது பெட்டிக்கான ஆர்டரை உங்களுக்கு வாங்கித் தரப்போவது அந்தச் செலவுதான்.