ஊரும் நகரமும்

2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் நூற்றுக்கு ஏறத்தாழ 69 பேர் சிற்றூர்களில் வாழ்ந்தனர். தமிழ்நாட்டிலோ அவ்வெண்ணிக்கை ஏறத்தாழ 52 ஆகும். விடுமுறையில் தாத்தா பாட்டியைக் காணச் செல்லும் ஊர், ஆண்டுதோறும் மாறி வருவதை நீங்களும் கண்டிருப்பீர்கள். இம்மாற்றம் எவ்வாறு நிகழ்கிறது?

பெரும்பாலும் முதலில் வருவது சாலை. சிற்றூர்களை எல்லாப் பருவத்திற்கும் ஏற்ற சாலைகளால் இணைக்க, 2000 ஆம் ஆண்டில் பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் தொடங்கப்பட்டது. சாலை அமைந்தால் பேருந்து வரும். உழவர் பறித்த காய்கறியை அன்றே சந்தையில் சேர்ப்பார். பெண்பிள்ளைகள் தொலைவிலுள்ள மேல்நிலைப் பள்ளிக்கு நாள்தோறும் சென்று திரும்புவர். நோயாளியை விரைவில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லலாம்.

பின்னர்த் தொழில் மாறுகிறது. திருப்பூரைச் சுற்றியுள்ள ஊர்களில், உழவுத் தொழில் செய்த குடும்பத்தார் பலர் பின்னலாடை ஆலைகளுக்குச் செல்கின்றனர். பிறந்த குலமே தொழிலை முடிவு செய்யும் வழக்கமும் இதனால் தளர்கிறது.

ஓர் ஊரில் 5000 பேராவது வாழ வேண்டும். சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது இருக்க வேண்டும். உழைக்கும் ஆண்களில் நூற்றுக்கு 75 பேராவது வேளாண்மை அல்லாத தொழில் செய்ய வேண்டும். இம்மூன்றும் அமைந்தால், கணக்கெடுப்பில் அவ்வூர் நகரமாக எண்ணப்படும். இத்தகைய ஊர்கள் 2001 இல் 1362 இருந்தன. 2011 இல் 3894 ஆயின.

ஆயினும், இவ்வூர்களை ஆள்வது பெரும்பாலும் ஊராட்சியே. நகரத்துக்குரிய மக்கள் கூட்டம் இருந்தும், கழிவுநீர்க் கால்வாயும் குப்பை அகற்றும் வசதியும் பல ஊர்களில் போதிய அளவு இல்லை. குப்பை ஏரிக்கரையில் குவிகிறது. ஏரிக்கு நீர் கொணரும் வரத்துக் கால்வாய் வீட்டுமனையாகிறது. அதனால் மழைக்காலத்தில் தெருவில் வெள்ளம் புகுகிறது. கோடையில் கிணறு வற்றுகிறது.

முற்காலத்தில் ஊரார் ஒன்றுகூடி ஏரியையும் கால்வாயையும் தூர்வாரினர். அதற்குக் குடிமராமத்து என்று பெயர். சாலையும் பள்ளியும் ஊருக்குத் தேவை, ஏரியும் தேவை. அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது, ஏரிக்கு நீர் எவ்வழியாக வந்தது என்று பெரியோரிடம் கேளுங்கள். அவ்வழி இன்றும் திறந்துள்ளதா என்று சென்று பாருங்கள்.